பாடகர் இல்லாத பாட்டு: ராக் கிட்டார் இசையும் கருவித் தேர்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு இன்ஸ்ட்ருமென்டல் ராக் பாட்டைக் கேட்டு மயங்கித்தான் வருகிறார்கள். முதல் வாரமே கேள்வி வந்துவிடும்: “சார், அதுல வர்றது என்ன கிட்டார்? என்ன பெடல்?” நியாயமான கேள்விதான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

பாடகரே இல்லாமல் ஒரு ராக் பாட்டு எப்படி நிற்கிறது?

நமக்கு இது புதிதில்லை. நாகஸ்வரக் கச்சேரியில் யாரும் பாடுவதில்லை, ஆனால் தோடி முழு உருவத்தோடு வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. நாகஸ்வரத்தில் ஒரு கீர்த்தனை வாசித்தால் அதன் சாகித்தியம் கேட்பவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். இன்ஸ்ட்ருமென்டல் ராக்கில் அப்படி மனதில் ஓட வார்த்தையே கிடையாது. மெல்லினம், வல்லினம், மூச்சு, தழுதழுப்பு என்று ஒரு பாடகர் எழுத்துகளை வைத்துச் செய்வதையெல்லாம் கிட்டார் வாசிப்பவர் நாதத்தை வைத்தே செய்தாக வேண்டும்.

அதனால்தான் இந்த இசையில் கருவிப் பேச்சு இவ்வளவு அதிகம். பாடகருக்குத் தொண்டை எப்படியோ, இவர்களுக்குக் கிட்டார், ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி), பெடல் (காலால் அழுத்திச் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டி) மூன்றும் சேர்ந்து அப்படி. ஒரு பாட்டு பிடித்துப்போனால் அந்தத் தொண்டை எது என்று தெரிந்துகொள்ளத் தோன்றுவது இயல்பு.

இது யாரிடமிருந்து தொடங்குகிறது?

ஒரே ஆளைச் சுட்டுவது கஷ்டம். ஆனால் 1958ஆம் ஆண்டைச் சுட்டலாம். அமெரிக்காவில் அந்த ஆண்டு இரண்டு பதிவுகள் வந்தன.

ஒன்று லிங்க் ரே வாசித்த ‘ரம்பிள்’. மேடையில் முரட்டுத்தனமாக ஒலித்த கிட்டார், ஸ்டுடியோவுக்குள் வந்ததும் சாதுவாகிவிட்டது. லிங்க் ரே ஒரு பென்சிலை எடுத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தில் ஓட்டை ஓட்டையாகக் குத்தினார். கிழிந்த காகிதம் அதிர்ந்தபோது வந்த கரகரப்புதான் அந்தப் பதிவில் இருக்கிறது. ‘ரம்பிள்’ என்றால் தெருச்சண்டை. ஒரு வார்த்தைகூட இல்லாத பாட்டை, இளைஞர்களைச் சண்டைக்குத் தூண்டும் என்று சொல்லிச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. நாதத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், அந்தப் பாட்டைக் கேட்டிருக்காவிட்டால் கிட்டாரையே தொட்டிருக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறார்.

இன்னொன்று டுவேன் எடியின் ‘ரெபல் ரவுசர்’. எடி மெட்டைத் தடித்த கம்பிகளில், கீழ் ஸ்தாயியில் வாசித்தார். தயாரிப்பாளர் லீ ஹேசில்வுட் எதிரொலிக்காக ஒரு பெரிய காலித் தண்ணீர்த் தொட்டியை வாங்கிவந்து ஃபீனிக்ஸ் நகர ஸ்டுடியோவுக்கு வெளியே வைத்தார். தொட்டியின் ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் மைக். இன்றைக்கு ரிவெர்ப் பெடலில் ஒரு குமிழைத் திருப்புகிறோமே, அதன் தாத்தா அந்தத் தகரத் தொட்டிதான்.

இரண்டு பேருமே கடையில் இருந்ததை வாங்கி அதற்கேற்ப வாசிக்கவில்லை. காதில் ஒரு சத்தம் இருந்தது, அதற்காகக் கையில் கிடைத்ததை மாற்றினார்கள். கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் அடியில் இந்த விஷயம்தான் ஓடுகிறது.

ஹேங்க் மார்வினின் சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

ஒரே ஒரு கிட்டார் ஒரு நாட்டின் வாசிப்பையே திருப்பிவிட்டது என்பதால்.

1950களில் பிரிட்டன் அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. பையன்கள் ஃபெண்டர் கிட்டாரைப் படத்தில் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். கட்டுப்பாடு தளர்ந்த 1959இல் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட், தன் குழுவில் வாசித்த ஹேங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு கிட்டாரை வரவழைத்தார். இவர்களுக்குப் பிடித்த கிட்டாரிஸ்ட் ஜேம்ஸ் பர்ட்டன். அவர் ஃபெண்டர் வாசிக்கிறார் என்று தெரியும், எந்த மாடல் என்று தெரியாது. விலைப்பட்டியலில் உயர்ந்ததைத்தான் வாசிப்பார் என்று எண்ணி, சிவப்பு நிற ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கேட்டார்கள். பர்ட்டன் வாசித்துக்கொண்டிருந்ததோ டெலிகாஸ்டர். தவறான ஊகத்தில் வந்து சேர்ந்த கிட்டார் அது.

அந்தக் கிட்டாரை வைத்து 1960இல் மார்வினின் ஷாடோஸ் குழு பதிவு செய்த ‘அப்பாச்சி’ பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. இத்தாலியில் செய்த மியாட்ஸி எக்கோ கருவி, வாக்ஸ் ஏசி15 ஆம்ப், தடித்த ஸ்ட்ரிங், நிதானமான கை. ஒவ்வொரு ஸ்வரத்துக்குப் பின்னாலும் அதன் நிழல்போல எக்கோ வரும். கம்பிகளின் சுருதியை இறக்கி ஏற்றும் நெம்புகோலான வைப்ரேட்டோ பாரை மார்வின் உள்ளங்கையிலேயே வைத்திருப்பார். ஸ்வரம் முடியும் இடத்தில் லேசாக ஓர் அழுத்தம், அவ்வளவுதான்.

விளைவைப் பாருங்கள். ரசிகர்கள் போட்ட கூச்சலில் 15 வாட் ஆம்ப் கேட்கவில்லை என்று ஷாடோஸ் சொன்னதால் வாக்ஸ் நிறுவனம் 30 வாட்டில் ஏசி30ஐச் செய்தது. பிறகு அந்த ஆம்ப்பை பீட்டில்ஸும் குயீன் குழுவின் பிரையன் மேயும் எடுத்துக்கொண்டார்கள். டேவிட் கில்மோர், மார்க் நாஃப்லர், கனடாவில் நீல் யங் என்று எத்தனையோ பேர் மார்வினைக் கேட்டு வளர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். சிறுவன் நாஃப்லருக்கு அந்தச் சிவப்பு ஸ்ட்ராட் மேல் அவ்வளவு ஆசை. அப்பாவால் அதை வாங்க முடியவில்லை. அதே சிவப்பில், அதே மாதிரி இருந்த ஹோஃப்னர் கிட்டாரை வாங்கிக் கொடுத்தார். அந்த விலை குறைந்த ஹோஃப்னரில்தான் அவர் கை பழகியது.

இந்தக் கதையை நான் வகுப்பில் பெற்றோர்கள் இருக்கும்போது கட்டாயம் சொல்வேன்.

டிக் டேலின் ‘மிசர்லூ’ ஏன் நம் காதுக்கு இவ்வளவு பழக்கமாகத் தோன்றுகிறது?

அதன் ஸ்வரங்களைப் போட்டுப் பாருங்கள். ஸ ரி1 க3 ம1 ப த1 நி3. மாயாமாளவகௌளை! சரளி வரிசையில் நாம் முதன்முதலில் பாடும் அதே ஏழு ஸ்வரங்கள். கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியில் கிரேக்கர், அரேபியர், துருக்கியர், யூதர் எல்லோரும் பாடிய பழைய மெட்டு அது. டிக் டேலின் அப்பா லெபனான் வழி வந்தவர், அந்த வீட்டு இசையாகத்தான் மெட்டு டேலுக்கு வந்தது. ஒரே கம்பியில் முழுப் பாட்டையும் வாசிக்க முடியுமா என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். வீட்டில் கேட்ட மெட்டை எடுத்து, வேகத்தைப் பல மடங்கு கூட்டி, தடித்த ஈ கம்பியில் மேலும் கீழுமாக பிக்கால் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) அறைந்து வாசித்தார் டேல். 1962இல் பதிவானது. 1994இல் ஒரு ஹாலிவுட் படத்தின் தொடக்கத்தில் வந்தபோது உலகமே மறுபடி கேட்டது.

கருவி விஷயத்தில் இவர் தனி அத்தியாயம். இடதுகைக்காரர். வலதுகைக்கான ஸ்ட்ரிங் வரிசையை மாற்றாமல் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார், தடித்த கம்பி அடியில் இருக்கும். கலிஃபோர்னியாவில் பால்போவா கடற்கரையின் ரான்டவூ பால்ரூமில் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் ஆடுவார்கள். அந்தக் கூட்டம் சத்தத்தை உறிஞ்சிவிடும். ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் கொடுத்த ஆம்ப்களை டேல் ஒன்றன்பின் ஒன்றாக எரித்துத் தள்ளினார். கடைசியில் ஃபெண்டரே உதவியாளரோடு வந்து கூட்டத்துக்கு நடுவில் நின்று கேட்டார். புரிந்தது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர், 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கர் என்று ‘ஷோமேன்’ ஆம்ப் அதிலிருந்து பிறந்தது.

டேல் வாசித்த இந்த வகைக்கு சர்ஃப் (அலைச்சறுக்கு) இசை என்று பெயர். அதன் அடையாளமான ஸ்பிரிங் ரிவெர்பையும் டேல் முதலில் கேட்டது கிட்டாருக்காக இல்லை, தன் குரலுக்காக. பெட்டிக்குள் நீளமான சுருள்கம்பிகள், ஒரு முனையில் சத்தம் நுழைந்து மறுமுனையில் ஈரமாக வெளியே வரும். பின்னால்தான் கிட்டாரை அதில் செருகினார்கள்.

மாயாமாளவகௌளை தெரிந்த எந்தப் பிள்ளையும் ‘மிசர்லூ’வின் மெட்டை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடலாம். வேகம் வர ஆறு மாதம் ஆகும், அது வேறு.

அதே கிட்டார், அதே ஆம்ப் வாங்கினால் அதே சத்தம் வருமா?

கிட்டத்தட்ட வரும் என்று கடையில் சொல்வார்கள். பிரிட்டிஷ் கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக்கைக் கேட்ட பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

1975இல் ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பில் வந்த ‘ப்ளோ பை ப்ளோ’, முழுக்கப் பாடகர் இல்லாத ஆல்பம். அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. அட்டையில் பெக் ஜிப்சன் நிறுவனத்தின் ஒரு லெஸ் பால் கிட்டாரைப் பிடித்திருப்பார். அதைப் பார்த்து எத்தனை பேர் லெஸ் பால் வாங்கியிருப்பார்கள்! ஆனால் அந்த ஆல்பத்தில் எல்லோரும் உருகும் பாட்டு, ஸ்டீவி வொண்டர் எழுதிய ‘காஸ் வீவ் என்டட் ஆஸ் லவர்ஸ்’. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) செய்பவரான சீமோர் டங்கன் ஒரு டெலிகாஸ்டரில் பழைய ஜிப்சன் பிக்கப்களைப் பொருத்திக் கொடுத்த கிட்டாரில் வாசித்தது அது. கண் ஒன்றைப் பார்த்திருக்கிறது, காது வேறொன்றைக் கேட்டிருக்கிறது.

பிறகு 1980களில் பெக் பிக்கையே விட்டுவிட்டார். கட்டைவிரல், மற்ற விரல்கள், சுண்டுவிரல் வால்யூம் குமிழில், உள்ளங்கை வாமி பாரில் (வைப்ரேட்டோ பாரின் இன்னொரு பெயர்). 1989இல் வந்த ‘வேர் வேர் யூ’வைக் கேளுங்கள். பல்கேரிய நாட்டுப்புறப் பெண்கள் சேர்ந்து பாடும் இசையைக் கேட்டு அதில் கரைந்துபோய்ச் செய்தது. ஒரு ஹார்மானிக்கை (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் மெல்லிய மேல் ஸ்வரம்) தட்டுகிறார், அது மணிபோல ஒலிக்கிறது. அடுத்த ஸ்வரத்துக்கு இடதுகை நகரவே இல்லை. அதே மணியைப் பாரால் இறக்கி, ஏற்றி, சரியான சுருதியில் நிறுத்துகிறார். ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கோடு) இல்லாத இடத்தில் சுருதியைக் காதால் மட்டும் பிடிப்பது இது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு கம்பியை மீட்டுங்கள், எதுவும் கேட்காது. சுண்டுவிரலால் குமிழை மெதுவாக உயர்த்துங்கள். மீட்டின ‘டிங்’ காணாமல்போய், ஸ்வரம் வயலின் வில்லில் வருவதுபோல எங்கிருந்தோ எழுந்து வரும். எந்தக் கிட்டாரிலும் இது வரும், செலவு ஒன்றும் இல்லை. முதல்முறை இதைச் செய்யும் மாணவர்கள் எல்லோருமே தலை நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள்.

சாட்ரியானி, ஸ்டீவ் வாய் பெயரில் வரும் சிக்னேச்சர் கிட்டார் வாங்கலாமா?

வாங்கலாம், ஏன் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு.

ஜோ சாட்ரியானி கிட்டார் வாத்தியாராக இருந்தவர். ஸ்டீவ் வாயும் மெட்டாலிகாவின் கர்க் ஹேமட்டும் அவருடைய மாணவர்கள். 1987இல் ‘சர்ஃபிங் வித் தி ஏலியன்’ ஆல்பத்தைப் பதிவு செய்தபோது அவர் பெயரில் ஐபனேஸ் நிறுவனத்தின் ஜேஎஸ் மாடல் பிறந்தே இருக்கவில்லை. கையில் இருந்த வேறு கிட்டார்களில் வாசித்தார். அந்த ஆல்பத்தின் வெற்றிக்குப் பிறகு வந்தது ஜேஎஸ். அதன் வளைந்த உடல் கையில் சொகுசாக உட்காரும், நல்ல கிட்டார்தான். ஆனால் அந்த ஆல்பம் அதில் வாசித்ததில்லை.

ஸ்டீவ் வாயின் ஐபனேஸ் மாடலான ஜெம் 1987இல் வந்தது. உடலில் கைப்பிடிபோல ஓர் ஓட்டை, 24 ஃப்ரெட், ட்ரெமலோவுக்கு (பார் பொருந்தியிருக்கும் அமைப்பு) அடியில் மரத்தைக் குடைந்த பள்ளம். அந்தப் பள்ளம் அலங்காரம் இல்லை. சாதாரண கிட்டாரில் பாரைக் கீழே அழுத்தி சுருதியை இறக்கலாம், மேலே இழுக்க அவ்வளவு இடம் இருக்காது. பள்ளம் இருந்தால் மேலேயும் தாராளமாக இழுக்கலாம். வாயின் கிட்டார் சிரிப்பதும் குதிரைபோலக் கனைப்பதும் அதனால்தான். நீங்கள் பாரைத் தொடவே மாட்டீர்கள் என்றால் அந்த வசதிக்குக் கொடுக்கும் பணம் வீண். கூடவே இதில் இருக்கும், கம்பிகளைப் பூட்டிவைக்கும் ஃபிளாய்ட் ரோஸ் வகை ட்ரெமலோவில் ஸ்ட்ரிங் மாற்றுவது ஆரம்பத்தில் அரைநாள் வேலை.

1990இல் ஏழு கம்பிகளோடு ‘யுனிவர்ஸ்’ என்ற மாடலையும் வாய்க்காக ஐபனேஸ் செய்தது. சில ஆண்டுகளில் கார்ன் என்ற அமெரிக்க மெட்டல் குழு அதே கிட்டாரை எடுத்து, கீழ்க்கம்பியை இன்னும் இறக்கி, முற்றிலும் வேறான கனத்த இசையைச் செய்தது. கருவி ஒருவருக்காகப் பிறந்து இன்னொருவரிடம் போய் வேறு குரலில் பேசுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பெடல் எத்தனை வேண்டும்?

மூன்று போதும். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் அல்லது ஓவர்டிரைவ் ஒன்று, எக்கோ தரும் டிலே ஒன்று, சுருதி பார்க்க ட்யூனர் ஒன்று. ரிவெர்ப் பெரும்பாலும் ஆம்ப்பிலேயே இருக்கும்.

சாட்ரியானி பல ஆண்டுகள் மேடையில் பயன்படுத்திய பாஸ் டிஎஸ்-1 1978இல் அறிமுகமான ஆரஞ்சு நிறப் பெடல். இன்றும் கடையில் கிடைக்கும் விலை குறைந்த பெடல்களில் ஒன்று. வாங்கிவந்து வீட்டில் சின்ன ஆம்ப்பில் போட்டவர்கள், கொசு ரீங்காரம் மாதிரி இருக்கிறது என்று ஏமாந்துபோவார்கள். காரணம் எளிது. அவர் அதைச் சத்தமாகத் திறந்துவைத்த வால்வு ஆம்ப்பின் (பழைய ரேடியோபோலக் கண்ணாடி வால்வுகளில் இயங்குவது) முன்னால் வைத்தார், ஆம்ப்பே பாதி வேலையைச் செய்தது. நீங்கள் டிஸ்டார்ஷன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, டோனைக் குறைத்து, லெவலைக் கூட்டிப் பாருங்கள். சத்தம் சதைப்பிடிக்கும்.

டிஸ்டார்ஷனை ஏன் முதலில் சொன்னேன் என்றால், அதுதான் ஸ்வரத்துக்கு ஆயுளைக் கொடுக்கிறது. மீட்டின கம்பி தானாக அடங்கிவிடும். அலையின் உச்சியை வெட்டி அழுத்தும்போது, அடங்கும் ஸ்வரமும் கிட்டத்தட்ட அதே பலத்தோடு நீண்டு நிற்கும். பாடகரின் நீண்ட மூச்சு கிட்டாருக்குக் கிடைப்பது இப்படித்தான். பாட்டு அந்த நீளத்தைக் கேட்கவில்லை என்றால் சுத்தமான சத்தத்திலேயே வாசியுங்கள். ‘அப்பாச்சி’யில் டிஸ்டார்ஷன் துளியும் இல்லை.

கல்லூரி நாட்களில் நான் முதலில் வாங்கியது மிகக் கடுமையான மெட்டல் பெடல். நான் ஆசைப்பட்டு வாசித்ததெல்லாம் மெதுவான மெட்டுகள். இரண்டு ஆண்டு அந்தப் பெடலோடு போராடிவிட்டு ஒருநாள் அதை அணைத்து வாசித்தேன். தேடிக்கொண்டிருந்த சத்தம் பெரும்பாலும் ஏற்கனவே இருந்தது.

எரிக் ஜான்சன் பெடலுக்குள் இருக்கும் பேட்டரியின் பிராண்டைக்கூடக் காதால் கண்டுபிடிப்பாராமே?

அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி அது. ‘க்ளிஃப்ஸ் ஆஃப் டோவர்’ வாசித்து கிராமி வாங்கியவர், சத்தத்தில் அவ்வளவு நுணுக்கம் பார்ப்பவர். விஷயம் முழுக்கக் கற்பனையும் இல்லை. சத்தத்தைக் கரகரப்பாக்கும் பழைய ஃபஸ் பெடல்களின் மின்சுற்று மிக எளிமையானது, மின்னழுத்தம் சற்றுத் தளர்ந்தாலே சத்தம் மாறும். ஆனால் அவருடைய பிக் ஸ்வரத்தைத் தொடும் சுத்தம் நமக்கு வந்த பிறகுதான் பேட்டரியின் வித்தியாசம் கேட்கும். நமக்கு அடாப்டர் போதும். பாஸ் வகைப் பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். மாற்றிச் செருகினால் பெடல் கெட்டுப்போகலாம்.

நம் கமகம் கிட்டாரில் வருமா? அதற்குத் தனிக் கிட்டார் வேண்டுமா?

வரும். ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்த பிரசன்னா சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார். ராக் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு மரியாதையாக ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்று ஓர் ஆல்பமே செய்தார். ஸ்லைடு, இழுப்பு, ஒரே விரலால் கம்பியில் வழுக்கிப் போவது, இவற்றில்தான் அவர் கமகம் இருக்கிறது.

தனிக் கிட்டார் தேடியவர் ஜான் மெக்லாஃப்லின். ராக்கின் உச்சியில் இருந்தபோதே வீணை கற்கப் போனார். வீணையில் மெட்டுகள் (கிட்டாரின் ஃப்ரெட்டுகள் போன்றவை) மெழுகின் மேல் உயரமாக நிற்கும், விரல் மரத்தைத் தொடாது. அதனால் கம்பியை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். அதே வசதி வேண்டி, ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கி, குறுக்கே, மீட்டாமலே கூடச் சேர்ந்து அதிரும் துணைக் கம்பிகள் வைத்த ஒரு அகூஸ்டிக் கிட்டாரை ஏப் வெக்டர் என்பவரிடம் செய்து வாங்கினார். அதோடுதான் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்தார். இப்படிக் குழித்த ஃப்ரெட்போர்டை (ஃப்ரெட்டுகள் பதித்த பலகை) ராக் கிட்டாரிஸ்டுகள் ரிச்சி பிளாக்மோரும் யிங்வே மால்ம்ஸ்டீனும்கூட வைத்திருந்தார்கள்.

ஜெஃப் பெக் 2001இல் வாசித்த ‘நாடியா’வையும் கேளுங்கள். நிதின் சானி இசையமைத்த பாட்டில் ஓர் இந்தியப் பெண்குரல் பாடிய வளைவுகளை ஒரு ஸ்ட்ராட்டில் எடுத்திருக்கிறார்.

ஆரம்பத்தில் இருப்பவர்கள் குழித்த ஃப்ரெட்போர்டு வாங்க வேண்டாம். கொஞ்சம் அதிகம் அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும்.

ஸ்ட்ரிங் என்ன கனம் போடுவது?

கம்பியின் தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். எலெக்ட்ரிக்கில் 9 முதல் 42 வரை உள்ள செட் இழுக்க எளிது. 10 முதல் 46 வரை உள்ளது கொஞ்சம் கனம், சத்தமும் கொஞ்சம் கனம். மார்வின், டேல் போலத் தடித்த ஸ்ட்ரிங் போட்டவர்கள் கம்பியை அதிகம் பென்ட் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். நிறைய இழுக்கும் பாட்டு பிடிக்கும் என்றால் 9 போடுங்கள். இன்னொன்று: ஃபெண்டர் வகையில் கம்பியின் நீளம் 25.5 அங்குலம், ஜிப்சன் வகையில் சுமார் 24.75. அதே செட் ஃபெண்டரில் சற்று இறுக்கமாக இருக்கும்.

கடலோர ஊர்களில் ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்துவையுங்கள்.

அபார்ட்மென்டில் இருக்கிறோம். ஆம்ப்பை எப்படிச் சத்தமாக வைப்பது?

வைக்க வேண்டாம். பெரிய வால்வு ஆம்ப் திறந்தால்தான் பாடும், வீட்டில் திறக்க முடியாது. ஹெட்ஃபோன் வசதியுள்ள சின்ன மாடலிங் ஆம்ப்போ (பல ஆம்ப்களின் சத்தத்தை டிஜிட்டலாகத் தருவது), பல பெடல்கள் ஒரே பெட்டியில் இருக்கும் மல்டி எஃபெக்ட்ஸோ, கணினியும் ஆடியோ இன்டர்ஃபேஸுமோ போதும். வெளிநாட்டிலிருந்து உறவினர் ஆம்ப் வாங்கிவந்தால் முதலில் பின்பக்கம் பாருங்கள். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது, நம் 230இல் நேரடியாகச் செருகினால் புகைதான்.

‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வருகிறதா? ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயில் (ஒரே கம்பிச்சுருள்) பிக்கப் ஒரு ஆன்டெனா மாதிரி. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கிட்டாரோடு மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் குறையும். ஹம்பக்கர் என்ற பிக்கப்பில் எதிரெதிராக இரண்டு காயில் இருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறது என்றால் அதற்காகப் பயப்பட வேண்டாம், கிட்டாரில் அது சாதாரணம். கம்பியிலோ ஆம்ப்பிலோ விரல் வைத்தால் சுருக்கென்று ஷாக் அடித்தால் கதையே வேறு. வாசிப்பதை நிறுத்திவிட்டு, ப்ளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போதைய பிள்ளைகள் யாரைக் கேட்கிறார்கள்?

என் வகுப்பில் பாலிஃபியா என்ற அமெரிக்கக் குழுவை. 2022இல் அவர்களுடைய டிம் ஹென்சன் ‘ப்ளேயிங் காட்’ பாட்டை நைலான் கம்பிக் கிட்டாரில் வாசித்தார். அதுவரை கிளாசிக்கல் கிட்டார் வகுப்புக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த நைலானைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் கேட்டு வருகிறார்கள். அவர் பெயரில் ஐபனேஸ் ஒரு நைலான் எலெக்ட்ரிக் மாடலும் செய்தது. அவர் சத்தத்துக்கென்று கணினி மென்பொருளும் வந்துவிட்டது. தொட்டி, ஆம்ப், பெடல் என்று வந்த வரிசையில் இப்போது ஒரு கோப்பைத் தரவிறக்கினால் அந்தத் தொண்டை கிடைக்கிறது. எனக்கு இதில் வருத்தமே இல்லை. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய கதவு.

முதல் எலெக்ட்ரிக் கிட்டார் எதைப் பார்த்து வாங்குவது?

ஒரு பையன் வந்தான், பத்தாம் வகுப்பு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல்: ஒரு சிக்னேச்சர் கிட்டார், ஏழு பெடல், ஒரு ஆம்ப். எல்லாம் சாட்ரியானி பேட்டிகளில் பார்த்துக் குறித்தவை. “இதுல எதை சார் முதல்ல வாங்கறது?” என்றான்.

சாட்ரியானியின் எந்தப் பாட்டு அவனுக்கு உயிர் என்று கேட்டேன். ‘ஆல்வேஸ் வித் மீ, ஆல்வேஸ் வித் யூ’ என்றான். வகுப்புக் கிட்டாரைக் கொடுத்து, மெட்டின் முதல் வரியை ஒரே கம்பியில் தேடச் சொன்னேன். கால் மணி நேரம் தடவினான், கண்டுபிடித்தான். கடைசி ஸ்வரத்தில் விரல் தானாக அசைந்தது, நான் சொல்லித்தரவில்லை. “இந்த ஆட்டம் நீளமா நிக்கணும் சார்” என்றான். நீளத்துக்கு எது வேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். பட்டியலில் ஒரு டிஸ்டார்ஷன் பெடல் மிஞ்சியது, மற்ற ஆறையும் அவனே அடித்தான்.

கிட்டாரைப் பொறுத்தவரை, கடையில் இவற்றைப் பாருங்கள். 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி பலகைக்கு மிக உயரத்தில் நிற்கக் கூடாது. ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் போகும்போது எங்கேயும் ஸ்வரம் செத்துப்போகக் கூடாது. ஒரு கம்பியை நன்றாக இழுத்து விட்டால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் ஃப்ரெட் முனை கீறக் கூடாது. இத்தனையும் தேறினால் நிறம் உங்கள் இஷ்டம். வாங்கியதும் ஒரு நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்து செட்டப் (கம்பி உயரம், சுருதி எல்லாவற்றையும் சரிசெய்வது) செய்யுங்கள், அந்தச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வையுங்கள்.

கடைக்குப் போகும் முன் உங்களுக்குப் பிடித்த பாட்டில் ஒரே ஒரு வரியை வாயால் பாடப் பழகிக்கொள்ளுங்கள். கடையில் கிட்டாரைக் கையில் கொடுத்ததும் வேறு எதையும் வாசிக்க வேண்டாம். அந்த வரியை மட்டும், மெதுவாக, பெடல் இல்லாமல் வாசியுங்கள். நீங்கள் பாடியதற்கு எந்தக் கிட்டார் பக்கத்தில் வருகிறதோ அதைப் பேக் செய்யச் சொல்லுங்கள்.